டோரீன் நின்ற வரிசை

இங்கிலாந்தில், எங்கள் ஆல்டன்ஷா ஊரில் மூடிப்போன வங்கியின் வாசலில் நிற்கும் வரிசைமேல் பத்துப் பன்னிரண்டு வருடமாக மழை விழுவதில்லை. யார்க்‌ஷயரில் மழைக்கா பஞ்சம்? சுற்றிலும் கொட்டும், வரிசை மட்டும் காய்ந்து நிற்கும். முதல் வாரம் அதைப் பற்றிப் பேசினோம். அப்புறம் பால் விலை ஏறியது, அதைப் பேசப் போய்விட்டோம்.

ஆரம்பித்தவள் டோரீன் கிளெக். அவளுக்கு வங்கியில் ஒரு வேலையும் இல்லை. முழங்கால் வலித்தது, பூட்டிய கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள், அவ்வளவுதான். புருஷன் போனபின் அவள் வீட்டில் பேசுவது டிவி மட்டும். அந்த வழியாக வந்த வாலஸ் ஹோல்ராய்ட், கதவைப் பார்த்து ஒருவர் நின்றால் பின்னால் நிற்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர், நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். எதற்கு நிற்கிறோம் என்று கேட்பது எங்கள் ஊரில் அநாகரிகம். இத்தனை பேர் பின்னால் நிற்கும்போது, சும்மாதான் நின்றேன் என்று விலகிப் போக டோரீனுக்கும் கூச்சம்.

"வரிசை நகருதாங்க?" என்றார் வாலஸ்.

"இப்பதான் கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். கூசாமல் சொன்ன பொய். பல மாதங்களில் அவள் ஒரு மனிதரோடு பேசியது அதுதான் முதல் தடவை.

அந்த வருடங்களில் ஊர் கூடிப் பேசும் மதுக்கடை மூடியது, தேவாலயம் தரைவிரிப்புக் கடையானது, நூலகத்துக்குப் பூட்டு விழுந்தது, பஸ்ஸும் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே வாழப் பழகியிருந்தோம், வெட்கக்கேடு. வரிசையில் நின்றபோதுதான் தெரிந்துகொண்டோம். ஆற்றுப்பாலம் தாண்டி நீண்ட அந்த வரிசையில், யாரும் இடத்தை விடாமலே இரண்டு கல்யாணம் நடந்தது. இரவில் வீட்டுக்குப் போகிறவர்கள் அடையாளத்துக்குக் குடையை வைத்துவிட்டுப் போவார்கள். விடிந்து வந்தால் குடைகள் நெருங்கி நின்று பேசிக்கொண்டிருக்கும். எங்களைக் கண்டதும் நிறுத்திக்கொள்ளும்.

டோரீனுக்கு ஒரே பயம்தான். கதவு திறந்தால் எல்லாரும் கலைந்து போவார்கள், அவள் மறுபடியும் அந்த டிவியிடம் போகவேண்டும். அந்த நாளும் வந்தது. போன அக்டோபரில் கட்டிடம் விலைபோனது. நகரசபை அதிகாரி சாவியோடு வந்தான்.

"திறந்துதாம்மா ஆகணும்" என்று திறந்துவிட்டான். உள்ளே தூசியும் காலி மேசையும்தான். டோரீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நெற்றியில் ஒரு சொட்டு மழை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவள் வாலஸிடம் திரும்பினாள். "நீங்க முதல்ல போங்க."

"அதெப்படி? முதல்ல வந்தது நீங்கதானே."

"பரவால்லைங்க, உங்களுக்குத்தான் இடுப்பு வலி."

"உங்க முழங்காலைவிடவா? நல்லா இருக்கே நியாயம்."

எங்கள் பிறவிக்குணம் அது. ஒருவர் விட்டுக்கொடுத்தால் அடுத்தவர் அதற்கு மேல் விட்டுக்கொடுத்தாக வேண்டும். வாலஸ் தன் பின்னால் நின்றவளைப் போகச் சொன்னார், அவள் தனக்குப் பின்னால் நின்றவரை. பேச்சு பாலத்தை எட்டுமுன் மழை விலகிவிட்டது. அதிகாரி சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். இப்போது அவனுக்குப் பின்னாலும் ஆள் இருக்கிறது.

கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது. மேசையில் குருவி கூடு கட்டியிருக்கிறது. டோரீனும் வாலஸும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.