கேட்டாண்ட நிக்கக் கூடாது

ஜெயராமனின் வலது கை நடுவிரல் முட்டி சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பூந்தமல்லி பஜாரில் இருபத்திரண்டு வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். குடமோ குண்டானோ, முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்தால் தகடு என்ன கனம், ஒட்டு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். கடையில் அது வித்தை. மகள் ரோஷினி பத்தாம் வகுப்புக்குப் போன நாள் முதல் அந்த முட்டி திருவேற்காட்டு வீட்டுக்கும் வேலைக்கு வந்துவிட்டது. அவள் அறைக் கதவில் ஒரு தட்டு. "கண்ணு, படிக்கிறியா?" பத்து நிமிஷத்தில் இன்னொரு தட்டு. "சத்தமே காணோம், தூங்கிட்டியா?"

பஜாரில் எந்தக் கொம்பனும் அவர் தலையில் ஒரு ஓட்டைச் சொம்பைக் கட்டியதில்லை. அப்பேர்ப்பட்டவர், படிப்பென்று யார் எதை நீட்டினாலும் விலை கேட்காமல் வாங்கி வந்தார். வல்லாரை லேகியம், ஒரே பாடத்துக்கு மூன்று கைடு, காலையில் ஒரு டியூஷன், சாயந்தரம் அந்த டியூஷனில் நடத்தியதையே நடத்தும் இன்னொரு டியூஷன், தெருவையே எழுப்பும் ஒரு அலாரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனிக்குப் போய்வரும் அவர் மனைவி தாட்சாயிணி ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏங்க, பரிச்சை அவளுக்கா ஒங்களுக்கா? மூஞ்சியக் கண்ணாடில பாருங்க. ரிசல்ட் வந்த மாதிரி கீது."

இரண்டாம் திருப்புதல் தேர்வில் ரோஷினி கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். எப்போதும் எண்பதுக்குக் குறையாதவள். ஜெயராமன் பேப்பரை வாங்கிப் புரட்டினார். பாதிப் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கடைக்கு வந்தாள். கவிழ்த்து வைத்திருந்த அண்டா மேல் உட்கார்ந்தாள். சின்ன வயசிலிருந்து அதுதான் அவள் நாற்காலி.

"நைனா, நான் பப்ளிக் எழுதல."

குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்த முட்டி நின்றுவிட்டது. "இன்னா சொல்ற?"

"அன்னிக்கு எல்லாம் தெரியும் நைனா. மொத பக்கம் எழுதிட்டு ஜன்னலப் பாத்தேன். கேட்டாண்ட நீ நிக்கிற. கையில குளுக்கோஸ் பாட்டிலு. கம்பியப் புட்சிகினு, நான் ஃபெயிலாயிட்ட மாதிரியே ஒரு மூஞ்சி. அதுக்கப்புறம் ஒண்ணும் ஓடல. பேப்பரப் பாத்தா உன் மூஞ்சிதான் தெரியுது."

"ஒனக்குத் தாகமா இருக்குமேன்னு..."

"எனக்குத் தாகமா இல்ல. பப்ளிக்லயும் நீ வந்து நிப்ப. நான் வெள்ள பேப்பரா குடுப்பேன். அதுக்கு எழுதாமலே இருக்கலாம்."

ஜெயராமன் பதறிப்போய், "இன்னா செய்யணும், சொல்லு கண்ணு" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. 'எழுதல' என்பது எடுத்த எடுப்பில் சொல்லும் விலை. எட்டாத உயரத்தில் சொல்லிவிட்டு எதிராளி வாயாலேயே இறக்குவது அவருடைய தொழில். அண்டா மேல் உட்கார்ந்து பத்து வருஷமாக வாய்ப்பாடு மட்டுமா படித்திருக்கிறாள்?

அவள் விரல் மடக்கிச் சொன்னாள். கதவைத் தட்டக் கூடாது. படிச்சிட்டியா, எழுதிட்டியா, எவ்வளவு வரும், இந்த மூன்று கேள்வியும் வீட்டுக்குள் வரக் கூடாது. சாயந்தர டியூஷன் வேண்டாம், அந்த ஒரு மணி நேரம் கடையில் உட்காருவாள். பத்து மணிக்குத் தூங்குவாள், அலாரத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம். பரீட்சை அன்று அவர் கடையில் இருக்க வேண்டும். "கேட்டாண்ட நிக்கக் கூடாது. உனக்குப் பதிலா வேற ஆளு யாரையும் அனுப்பி விசாரிக்கவும் கூடாது."

"கடைசில ஒண்ணே ஒண்ணு, எவ்ளோ வரும்னு மட்டும்..."

"நானே வந்து சொல்றப்ப கேட்டுக்கோ. வெளிய போற கிராக்கியக் கூப்புடக் கூடாதுன்னு நீதான சொல்லுவ? கூப்ட்டா போச்சு, அப்பால அவங்க சொன்னதுதான் வெலன்னு. என்னயும் கூப்புடாத."

அது அவருடைய தொழிலின் ஆணிவேர். விலை படியாமல் படியிறங்கும் கிராக்கியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பத்தில் ஏழு பேர் தானாகத் திரும்பி வருவார்கள். அந்த வித்தையை இப்போது அவர் கழுத்திலேயே கட்டிவிட்டாள். ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொள்வது சுலபம், வீட்டில் உட்காருவதுதான் கஷ்டம். கதவு மூடியிருந்தால் அதன் எதிரே நடப்பார். நடந்தால் செருப்புச் சத்தம் என்பதால் வெறுங்காலோடு நடப்பார். ஒரு தடவை முட்டி கதவு வரை போய், கடைசி நொடியில் பக்கத்துச் சுவரைத் தட்டிவிட்டுத் திரும்பியது. அவள் ஒழுங்காகப் படித்தாள், அதைக்கூட அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தினமும் ஜியோமெட்ரியில் ஒன்று, கிராஃபில் ஒன்று, கடிகாரம் வைத்துப் போட்டாள். "ரெண்டும் சேந்து பதினாறு மார்க்கு நைனா, நிச்சயமா வரும்." பிறகு பழைய கேள்வித்தாள் ஒன்று. பிடிபடாத திரிகோணமிதிக் கணக்குகளில் ஒரு கோடு கிழித்து ஒதுக்கினாள்.

"விடறியா? அஞ்சு மார்க்கு!" பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"பதினாலு குடுத்து பத்து எழுதச் சொல்றான். நாலு கழிச்சிக்கலாம். நீ ஊர்ல கீற எல்லா கம்பெனி குக்கரும் வாங்கியா வெச்சிருக்க? ஓடறதத்தான வாங்கற?"

சாயந்தரம் அண்டா மேல் உட்கார்ந்தால் புத்தகத்தைத் தொட மாட்டாள். வரும் பெண்களிடம் டிபன் பாக்ஸ் விற்றாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு ஜெயராமன் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை சிரிக்குமா?

தமிழும் இங்கிலீஷும் ஒருவழியாகப் போயின. கணக்குப் பரீட்சையன்று காலை தாட்சாயிணி கம்பெனி வேனில் ஏழு மணிக்கே போய்விட்டாள். எட்டரைக்கு ரோஷினி ஷேர் ஆட்டோ ஏறினாள். பரீட்சை மையம் அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். "கடைக்குப் போ நைனா" என்றதோடு சரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கடைச் சாவியை எடுக்கப் போனவர் டி.வி. மேலே அதைப் பார்த்தார். ஜியோமெட்ரி பாக்ஸ்.

முதலில் "ஐயோ, மறந்துட்டாளே!" என்று வாய்விட்டுக் கத்தினார். அடுத்து, சொன்னால் வெட்கக்கேடு, உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. போகலாம்! கேட்டுக்குப் போக நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. காம்பஸ் இல்லாமல் எப்படித் தொடுகோடு வரைவாள்? எட்டு மார்க் அல்லவா? எந்த ஒப்பந்தமும் இதைத் தடுக்காது. டப்பாவைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

கோலடி ரோட்டில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே நின்றது. மணி ஒன்பது இருபது. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். முட்டி ஹேண்டில்பாரைத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் அவள் மூஞ்சி ஞாபகம் வந்தது. கம்பிக்கு வெளியே மறுபடியும் இவர் நிற்பதைப் பார்த்தால்? எட்டு மார்க்குக்காகப் போய் எண்பதைக் கெடுத்துவிட்டால்? போகாவிட்டால் எட்டு, போனால் எண்பது. அதெப்படி, காம்பஸ் இல்லையே என்று அவள் உள்ளே அழுதுகொண்டிருந்தால்?

போனை எடுத்துக் கிறிஸ்துதாஸைக் கூப்பிட்டார். அவர் பையன் ஷெர்வின் ரோஷினி வகுப்புதான்.

"அண்ணாத்தே, எங்க கீற?" கிறிஸ்துதாஸின் குரல் கூட்டத்துக்கு நடுவிலிருந்து வந்தது. "இங்க எல்லா அப்பனும் வந்தாச்சி, ஒன்னத்தான் காணோம். நான் ஃப்ளாஸ்க்கு, குடை, ஸ்டூலு எல்லாத்தோடயும் கீறேன். இன்னா மேட்டரு?"

"ரோஷினி கையில..."

"இதோ தண்ணி புட்சிகினு கீது. கூப்டட்டா?"

வேறு ஆளை அனுப்பி விசாரிக்கக் கூடாது. அதையும் சேர்த்துத்தானே விரல் மடக்கினாள்?

"வோணாம்! கூப்புடாத! நான் போன் பண்ணதையும் சொல்லாத!" என்று போனை அணைத்தார்.

லாரி நகர்ந்தது. ஏரிக்கரையில் ஏறினால் நாலு மின்கம்பம் தாண்டி இடது பக்கம் பள்ளிக்கூடத் தெரு. முதல் கம்பத்திலேயே வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தாலே தெரு முனையில் குடைகள் தெரிந்தன. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம். முகத்தை மறைக்க ஹெல்மெட் இருக்கிறது. டப்பாவைக் கையில் எடுத்தார்.

திறந்து காட்டாமல் எந்தப் பொருளையும் அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. குக்கர் டப்பாவானாலும் சரி, கிராக்கி முன்னால் பிரித்து மூடி, வெயிட், கேஸ்கட் எல்லாம் காட்டித்தான் கட்டுவார். அந்தக் கை இப்போதும் தானாகத் திறந்தது.

திருகு போன துருப்பிடித்த காம்பஸ் ஒன்று. பாதி ரப்பர். புளிப்பு மிட்டாய்க் காகிதம். புதுக் காம்பஸ், ஸ்கேல், பென்சில் எதுவும் இல்லை. அடியில் நாலாய் மடித்த ஒரு துண்டுக் காகிதம். ரோஷினி எழுத்து. நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

ஹால் டிக்கெட், அதன் எதிரே ஒரு டிக். பேனா இரண்டு, டிக். புதுக் காம்பஸ், ஸ்கேல், பென்சில் பிளாஸ்டிக் பையில், டிக். வாட்ச், டிக். தண்ணி, டிக்.

கடைசி வரி: நைனா கடைல.

அதன் எதிரே மட்டும் டிக் இல்லை.

ஏரியில் ஒரு நீர்க்காகம் முங்கி எங்கோ போய் எழுந்தது. ஜெயராமன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். தெரு முனையைப் பார்த்தார். மீதி மூன்று கம்ப தூரம்தான், ஆனால் போவதற்கான காரணம் கையை விட்டுப் போய்விட்டது. இருந்தாலும் சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கால் சொன்னது. கால் சொன்னதைக் கேட்காமல் வண்டியைத் திருப்ப அவருக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது.

கடை ஷட்டரைத் தூக்கும்போது மணி பத்தேகால். அங்கே இப்போது பேனாவைத் திறந்திருப்பாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஜெயராமன் செய்த வேலைக்குக் கணக்கில்லை. சொம்புகளை வரிசை மாற்றி அடுக்கினார், மறுபடி பழைய வரிசைக்கே கொண்டுவந்தார். கரண்டிகளை நீள வரிசைப்படி தொங்கவிட்டார். பதினொன்றரைக்கு, இப்போது ஜியோமெட்ரியா கிராஃபா என்று ஒரு அரிசி களையும் பாத்திரத்தைக் கேட்டார். கடிகாரம் பழுதோ என்று செல்போனைப் பார்த்தார், செல்போன் பழுதோ என்று எதிர்க்கடைக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மணி தாண்டி வேம்புலியம்மாள் வந்தாள். குத்தம்பாக்கத்துக்காரி. மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஒரே பித்தளைக் குடத்துக்கு விலை கேட்டுவிட்டுப் போகிறவள்.

"இன்னாபா, கொடம் இன்னும் விக்கலியா? கொறைச்சிக் குடு."

"சொன்னதுதாம்மா."

"அப்ப வரேன்" என்று படியிறங்கினாள். ஜெயராமன் கூப்பிடவில்லை. வித்தையெல்லாம் இல்லை, அவள் போனதே அவருக்குத் தெரியாது. மணி ஒன்று பதினைந்து, அங்கே பேப்பர் வாங்குகிற நேரம். பத்தடி போன வேம்புலியம்மாள் திரும்பி வந்து அவரை உற்றுப் பார்த்தாள். "ஏம்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டு, வெயில் தாழட்டும் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மணிக்கு ரோஷினி வந்தாள். பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள், அண்டா மேல் உட்கார்ந்தாள். முகத்தில் வெயில்தான் இருந்தது, வேறு ஒன்றையும் படிக்க முடியவில்லை. ஜெயராமன் இரண்டு உதட்டையும் பல்லால் பிடித்துக்கொண்டார்.

"பரிச்சையா கண்ணு? எப்டி எழுதின?" என்றாள் வேம்புலியம்மாள்.

ஜெயராமனுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

"எழுதினேன் ஆயா" என்று அத்தோடு முடித்தாள் ரோஷினி. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பை டப்பா கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எது வரிக்கும் வந்த?"

பொய் சொல்லலாம்தான். "ஏரிக்கர. மொத கம்பம்."

"கேட்டாண்ட?"

"வரல."

கையை நீட்டினாள். டப்பாவைக் கொடுத்தார். உள்ளே இருந்த காகிதத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து, கடைசி வரிக்கு எதிரே ஒரு கோடு இழுத்தாள். கீழே இறங்கிய கோடு மேலே ஏறவில்லை.

"பாதிதானா?"

"ஏரி வரிக்கும் வந்தீல்ல? சயின்ஸுக்கு முழுசா வாங்கு." பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "ஒண்ணு விட்டேன், கோடு போட்டதுதான். மீதி எழுதிட்டேன். நடுவுல ஒரு கணக்குல மாட்டிக்கினு ஜன்னலப் பாத்தேன். ஷெர்வின் அப்பா ஸ்டூல் மேல ஏறி நின்னுகினு எட்டிப் பாத்துகினு இருந்தாரு. பாவம் ஷெர்வின். எனக்குச் சிரிப்பு வந்துட்ச்சி. அப்பால கிராஃப் போட ஆரம்பிச்சேன்."

எவ்வளவு வரும்? கேள்வி தொண்டை வரை ஏறி வந்தது. ஜெயராமன் எட்டி அந்தப் பித்தளைக் குடத்தை எடுத்து முட்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கடை முழுக்க ஓசை நிறைந்தது.

"கொடம் ஒங்களுக்குத்தாம்மா" என்றார் வேம்புலியம்மாளிடம். "நீங்க கேட்ட வெலைக்கே எடுத்துனு போங்க."

வேம்புலியம்மாள் நகரவில்லை. குடத்தை வாங்கி, திருப்பி, அடியைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாபா, ஓட்டையா?"