கேட்டுவிட்டு வாயை மூடுங்கள்

திண்டிவனத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், பயிற்சி கொடுத்த தேவயானி மேடம் என்னைப் பார்த்து, "சார், கேள்வி கேட்டுட்டு வாயை மூடுங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுங்க" என்றார். அரங்கமே சிரித்தது. மாதிரி வகுப்பில் நான் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொல்லி, கடைசியில் "புரிஞ்சுதா?" என்றும் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியே ஆகாதாம். நியாயம்தான். "புரிஞ்சுது சா...ர்" தவிர வேறு பதில் எனக்கு வந்ததே இல்லை.

என் ஒன்பதாம் வகுப்பில் சங்கவி கொஞ்ச நாளாக வரவில்லை. விழுப்புரத்தை அடுத்த காணை கிராமத்துப் பக்கம் வீடு. பயிற்சிக்கு முன்பே ஒருமுறை போய், "திங்கக்கிழமை அனுப்பிடுவீங்க இல்ல?" என்று அவள் அம்மா வீரம்மாளிடம் கேட்டேன். "அனுப்பிடுறேங்க சார்" என்றார். ஜெயித்துவிட்டதாக நினைத்து விழுப்புரம் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை வந்தது, சங்கவி வரவில்லை.

பயிற்சி முடிந்ததும் மறுபடி போனேன். சங்கவி மாட்டுக்குக் கரும்புத் தோகை போட்டுக்கொண்டிருந்தாள். வீரம்மாள் கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணை ஏம்மா அனுப்பல?"

உடம்பு சரியில்லையா, பஸ் இல்லையா என்று நானே எடுத்துக்கொடுக்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். மேடம் சொன்னது பலித்தது.

"வெட்டுக்கு ஆள் பத்தல சார். இவளும் எங்ககூட வந்துக்கினு கீறா."

"அப்ப படிப்பு?"

"இவ அண்ணன் பூவரசன் உங்ககிட்டதான படிச்சான்? காலேஜ் முடிச்சிட்டு எங்ககூடத்தான் கரும்பு வெட்டிக்கினு கீறான். இவ படிச்சா மட்டும் என்னா சார் ஆவும்?"

பூவரசன் முதல் பெஞ்சு. சரியாகச் சொல்லிவிடுவான் என்பதால் பாதிக் கேள்வியை அவனிடமே கேட்பேன்.

வீரம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். எந்தப் பயிற்சிக்கும் போகாதவர், அழகாகப் பொறுத்தார். குத்தலுக்குக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நாளைக்கு வந்து சொல்றேம்மா."

கடைசி பெஞ்சு சொல்லும் பதில் அது. நான் ஒருநாளும் நம்பியதில்லை. தோகைக் கட்டுக்குப் பின்னாலிருந்து சங்கவி களுக்கென்று சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க சார். ஜல்தியா வந்துடுங்க. விடிஞ்சா வெட்டுக்கு இட்டுக்கினு போற வண்டி வந்துடும்."

வீரம்மாள் அடுத்த கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். புதுக் கத்தி. கைப்பிடி சின்னது.