முதல் டம்ளர்

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதே தமிழ்மொழிக்கு வயிறு முறுக்கியது. முகத்தில் எதையும் காட்டாமல் குடித்தாள். கீழத்தெருப் பெண்கள் குடங்களை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வாயையும் விழுங்கிவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"நர்சம்மா குடிச்சாச்சு. இன்னும் இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? கொடத்த வைங்க," என்று குழாயைத் திறந்துவிட்டான் சின்னதுரை. மோட்டார் போடுவதும் தொட்டியைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை.

"ஏன், நீ ஒரு வாய் குடிச்சிக் காட்டறது?" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"நான் குடிச்சா நம்பிடுவீங்களா? எங்கூட்டுக்காரியே என்னிய நம்பறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தன்னை யாரும் பார்க்கவில்லை என்பது தமிழ்மொழிக்கு உதவியாக இருந்தது. தொட்டியின் தூணைப் பிடித்துக்கொண்டு, குடித்தது திரும்பி மேலே வந்துவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்தபடி நின்றாள்.

இந்த முதல் டம்ளர் வழக்கம், தென்பெண்ணை ஆறு ஊருக்குள் வந்து போன பிறகு உண்டானது. மூங்கில்துறைப்பட்டைத் தாண்டி ஆற்றை ஒட்டிக் கிடக்கும் அந்தத் தெருவில் கரும்பு வெட்டப் போகிறவர்களும் அன்றாடக் கூலிக்காரர்களும்தான் அதிகம். வெள்ளம் வடிந்தபோது கிணறுகளில் சேறு நிறைந்து, செத்த கோழிகள் மிதந்தன. தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றச் செய்து, இனிமேல் இதைத்தான் குடிக்க வேண்டும் என்று கிராமத்து நர்சான தமிழ்மொழி தெருத்தெருவாகச் சொன்னாள். முதல் குடத்தை மோந்து பார்த்ததுமே, வரிசையில் முதலில் நின்ற செல்லியம்மாள் அதை அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

"இன்னாத்தடி கலக்கி வெச்சிருக்காங்க? மூக்கக் கிழிக்குது. ஆத்துல போவாத உசுரு இதுல போவட்டும்னா? எங்களுக்கு ஊத்தறதுக்கு முன்னாடி நீ குடி நர்சம்மா, பாப்போம்."

தமிழ்மொழி குடித்தாள். மறுநாளும் குடிக்கச் சொன்னார்கள். பிறகு யாரும் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் வந்து குடிக்கும்வரை குடங்கள் காலியாகவே வரிசையில் காத்திருந்தன. ஆற்றோரத்து மற்ற ஊர்களில் வாந்திபேதி என்று ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கீழத்தெருவில் ஒருவர்கூடப் படுக்கவில்லை.

இப்போது படுக்க வேண்டிய நிலையில் இருந்தது அவள்தான். நேற்று சாயங்காலம் தொடங்கிய பேதி விடியும்வரை நிற்கவில்லை. தங்கியிருந்த துணை சுகாதார நிலையத்தின் அறையும் கழிவறையும் சேற்றில் கிடந்ததால் மற்றவர்களோடு பள்ளிக்கூட முகாமில்தான் அவளும் தூங்கினாள். அங்கிருந்த கழிவறைக்கு அடிக்கடி போனால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒதுங்கலாம் என்றால் கரும்புக் காடு முழுக்கப் பாய் விரித்த மாதிரிப் படுத்துவிட்டது. மில்லுக்குப் போகிற ரோட்டில் கரும்போடு சேற்றில் சிக்கி நின்றுபோன ஒரு டிராக்டரின் மறைவுதான் கிடைத்தது. அங்கே குந்தியிருந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்றே மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

தெரிந்தால் ஒரே ஒரு பேச்சுத்தான் கிளம்பும். மருந்து கலந்த தண்ணீரைத் தினமும் முதலில் குடித்தவளுக்கே வயிறு போய்விட்டது என்பார்கள். அன்றைக்கே எல்லாரும் கிணற்றுக்குத் திரும்பிவிடுவார்கள்.

எங்கிருந்து வந்தது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. முந்தாநாள் செல்லியம்மாள் வீட்டுக்குப் போயிருந்தாள். சுவர் ஒரு பக்கம் இடிந்திருந்தது. நனைந்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த செல்லியம்மாள் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடி நர்சம்மா. தேத்தாங்கொட்ட ஒரசித் தெளிய வெச்சது. பாரு, அடி தெரியுது. உன் தண்ணி மாதிரி நாறாது."

கிணற்றுத் தண்ணீர். கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. தெளிவுக்கும் சுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிவருகிறவள் அந்தச் சொம்பை வாங்கிக்கொண்டு ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணம் செல்லியம்மாளின் முகத்தில் போய் விழுந்தது.

"குடிக்க மாட்டியா?"

வெறும் இரண்டு சொல்தான். திருநாவலூரில் தமிழ்மொழி பிறந்த தெரு எது என்று கீழத்தெருவுக்குத் தெரியும். தெரு தெரிந்தால் மீதியெல்லாம் தெரிந்த மாதிரிதான். அவளுக்கு முன்னால் இருந்த நர்சு வாசலோடு நின்று மாத்திரை நீட்டிவிட்டுப் போவார் என்றும் கையோடு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார் என்றும் இங்கே சொல்வார்கள். தான் அப்படி இல்லை என்பதில் தமிழ்மொழிக்கு ஒரு பெருமை இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய் உட்காருவாள், கொடுத்ததைக் குடிப்பாள். அப்படித்தான் கதவுகள் திறந்தன, மறைத்த நோய்கள் வெளியே வந்தன. அன்றைக்கும் குடித்தாள். முழுச் சொம்பையும்.

இப்போது யோசித்தால், குடித்தது செல்லியம்மாளுக்காகவா, தன் பெருமைக்காகவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பகல் பத்து மணிக்கு மேல் கள்ளக்குறிச்சியிலிருந்து லோடு ஆட்டோ வந்தது. அங்கே துணிக்கடை வைத்திருக்கும் ஹப்சா, ஜமாத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒருநாள் சாப்பாடும் துணியும் கொண்டுவந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். வந்ததும் வரிசையை ஒழுங்குபடுத்தி, முண்டியடித்த ஆம்பளைகளைத் திட்டிப் பின்னால் அனுப்பிவிட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இருந்த பெட்டியோடு தமிழ்மொழியிடம் வந்தாள்.

"சிஸ்டர், இன்னும் இன்னா வேணும்னு சொல்லுங்க. அடுத்த வாட்டி எடுத்தாறேன்."

"இந்தப் பொட்டலம் இன்னும் வேணும்க்கா. போர்வை கம்மியா இருக்கு. கொழந்தைங்களுக்கு..."

"அது ஜனங்களுக்கு. உங்களுக்கு இன்னா வேணும்?"

இதை யாரும் தமிழ்மொழியிடம் கேட்டதில்லை. அதிகாரிகள் வந்தார்கள், எத்தனை பேர், எத்தனை பாய் என்று அவளிடம்தான் கேட்டார்கள். திருநாவலூரிலிருந்து அம்மா போனில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் விட்டிருக்கும் தன் மகளிடம் பேசினாள். வேண்டும் என்ற சொல்லைத் தனக்காகக் கடைசியாக எப்போது சொன்னாள்?

"எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா."

"நான் மூணு தரம் வந்துட்டேன். மூணு தரமும் இதே பொடவ. துணிக்கடைக்காரி கண்ணு சிஸ்டர், ஏமாத்த முடியாது." ஹப்சா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஒதடெல்லாம் காஞ்சி கெடக்கு. கண்ணு உள்ள போயிடுச்சி. வண்டியில ஏறுங்க, ஆஸ்பத்திரியில வுட்டுட்றேன்."

"வேணாம்க்கா. நான் வண்டியில போறதப் பாத்தா அவ்வளவுதான். தண்ணிய யாரும் தொடமாட்டாங்க."

விஷயத்தைச் சொன்னாள். செல்லியம்மாள் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஹப்சா ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தன் பாட்டிலில் கொட்டிக் குலுக்கி நீட்டினாள்.

"உங்க ஆபீஸ்ல வேற ஆளே இல்லியா?"

"எல்லாரையும் மலைக்கு அனுப்பிட்டாங்க. கல்வராயன் மலையில ரோடு சரிஞ்சி போச்சி இல்ல, நடந்துதான் போய்க்கினு இருக்காங்க."

"நீங்க கேட்டீங்களா, கேக்கவே இல்லியா?"

கேட்கவில்லை. ஹப்சா ஒரு புடவையை அவள் மடியில் வைத்துவிட்டு, "நீல கலர்தான் இருந்துச்சி. உங்களுக்கு எடுப்பா இருக்கும்," என்று சொல்லி வண்டி ஏறினாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கீழத்தெரு ராதிகா குழந்தையோடு வந்தாள். தலைப்பிரசவம்; வெள்ளம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பிறந்தது. முகத்தில் சிவப்பு சிவப்பாக ஏதோ பொரிந்திருக்கிறது என்று குழந்தையை நீட்டினாள்.

"புடிங்க நர்சம்மா, வெளிச்சத்துல பாருங்க."

தமிழ்மொழியின் கை முன்னே போய், பாதியில் நின்றது. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இந்தக் கையா, இவ்வளவு சின்ன உயிரையா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே வெச்சிக்கோம்மா. நான் இங்கருந்தே பாக்கறேன்."

ராதிகாவின் நீட்டிய கைகள் மெல்ல மடங்கின. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். "முகாம்ல குளிப்பாட்ட எடமில்ல," என்றாள், மன்னிப்புக் கேட்பவள் போல. பிறகு தரையைப் பார்த்தாள்.

எந்தப் பார்வை தன் மேல் விழக்கூடாது என்று அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்தாளோ, அது இப்போது ராதிகாவின் குனிந்த முகத்தில் இருந்தது. மறைக்க மறைக்க, தான் வாசலோடு நின்றுபோன அந்தப் பழைய நர்சாகவே மாறிக்கொண்டிருந்ததைத் தமிழ்மொழி அப்போதுதான் பார்த்தாள். தெருவைக் காப்பாற்றவே மறைக்கிறேன் என்று இவ்வளவு நேரமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, நோயில் விழாதவள் என்று எல்லாரும் பார்க்கிற அந்தப் பார்வையை விட மனசில்லாதது.

"ராதிகா," என்றாள். "கொழந்தைக்கு ஒண்ணுமில்ல, தானா அடங்கிடும். எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல. அதான் தொடல. காலையில தொட்டிகிட்ட எல்லாருக்கும் சொல்லப் போறேன்."

ராதிகா நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

காலையில் தொட்டியடியில் வழக்கம்போல் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. சின்னதுரை டம்ளரை நிரப்பி நீட்டினான். தமிழ்மொழி வாங்கவில்லை.

"எனக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது," என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தது. "இந்தத் தண்ணியால இல்ல. ஒரு எடத்துல காய்ச்சாத கெணத்துத் தண்ணி குடிச்சேன். குடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் குடிச்சேன். உங்ககிட்ட சொல்ல பயந்துக்கினு மறைச்சிட்டேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்!"

"தெனம் மொத ஆளா குடிச்சது யாரு? பின்ன வராதா?"

"எந்த எடத்துல குடிச்சீங்க? எடத்தச் சொல்லுங்க, நம்பறோம்."

"அத வுடுங்க," என்றாள் தமிழ்மொழி.

"வுடுங்கன்னா? அப்ப பொய்தான!"

ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பெயரைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வரிசையின் நடுவில் செல்லியம்மாள் அசையாமல் நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்க, தமிழ்மொழி தூரத்தில் மேகத்தோடு மேகமாகத் தெரிந்த மலையைப் பார்த்தாள்.

"நில்லுங்கடி."

செல்லியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"எங்கூட்லதான் குடிச்சா. நான்தான் குடுத்தேன். யோசிச்சிக்கினு நின்னா. குடிக்க மாட்டியான்னு கேட்டேன், மொத்தத்தையும் குடிச்சா." தமிழ்மொழி பக்கம் திரும்பினாள். கோபமாகத்தான் இருந்தாள். "வேணாம்க்கா, இது ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? எங்களுக்கெல்லாம் வாய் கிழிய சொல்ற."

"நீங்க வேற மாதிரி நெனச்சிப்பீங்கன்னு..."

"நெனச்சிருப்பேன்தான்," என்றாள் செல்லியம்மாள். "ஒரு நாளு திட்டியிருப்பேன். அதுக்காவ இப்டியா?"

சின்னதுரை கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். முகம் முழுக்கச் சுருங்கியது.

"தூ! இதக் குடிச்சிட்டு எப்படித்தான் சிரிச்சிக்கினு நின்னியோ." டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "நாளைக்கும் நான்தான். எனக்கு இன்னாவாவது ஆச்சின்னா அப்புறம் போங்க கெணத்துக்கு."

"உனக்கு ஆவாது பெரிம்மா," என்றான் சின்னதுரை. "கிருமி உன்னப் பாத்தா அதுவே ஓடிப்பூடும்."

யாரோ சிரித்தார்கள். எல்லாரும் இல்லை. கிணற்றுப் பக்கம் போன இருவரில் ஒருத்தி திரும்பிவந்தாள், மற்றவள் வரவில்லை. ராதிகா குழாயடியில் தன் குடத்தை வைத்துவிட்டுத் தமிழ்மொழியை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் நேற்றைய கூச்சம் இல்லை.

தமிழ்மொழி போனை எடுத்தாள். "டாக்டர், எனக்கு ஒடம்பு முடியல. எனக்குப் பதிலா ஒருத்தர் வேணும்," என்றாள். சொல்லி முடித்ததும், மறுமுனையில் என்ன பதில் வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. எலவனாசூர்கோட்டைப் பக்கமிருந்து மத்தியானத்துக்குள் ஒருத்தியை அனுப்புவதாகவும் வரும் வண்டியிலேயே தமிழ்மொழியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியும் பதில் வந்தது.

அதுவரை தமிழ்மொழி செல்லியம்மாள் வீட்டில் இடியாத சுவர் ஓரமாக ஒரு பாயில் படுத்திருந்தாள், ஹப்சா கொடுத்த நீலப் புடவையைப் போர்த்திக்கொண்டு. அடுப்பில் ஈர விறகு புகைந்தது. செல்லியம்மாள் வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு அதே சொம்பைத் துணியால் பிடித்தபடி கொண்டுவந்து வைத்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்து உள்ளே கொட்டினாள்.

"குடி."

தமிழ்மொழி சொம்பைப் பார்த்தாள். செல்லியம்மாளைப் பார்த்தாள்.

"காய்ச்சினதாக்கா?"

செல்லியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துச் சொம்பின் மேல் வைத்தாள். சுட்டது.

"ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் குந்தி முந்தானையால் விசிறத் தொடங்கினாள்.