கெண்டைக்குத் தெரியாமல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரே ஒரு லட்சியம்தான் பாக்கி இருந்தது. அக்கா கணவர் பிடித்ததைவிடப் பெரிய கெண்டை ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். மீன்மேல் உள்ள பிரியம் அல்ல. அந்த ஏரியில் பிடித்த மீனை எடை போட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. அத்தானின் வாயை அடைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் லிப்ட் மெக்கானிக். போன வருஷம் ஒரு பெரிய கெண்டையைப் பிடித்தார். அன்றிலிருந்து மைத்துனரின் கடைக்கு என்ன வண்ணம் அடிப்பது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்று சகல விஷயங்களிலும் ஆலோசனை வழங்கும் தகுதி அவருக்கு வந்துவிட்டது. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

ஆகவே கடைக்காரர் ஆராய்ச்சியில் இறங்கினார். கெண்டை சந்தேகப் பிராணி என்று தெரிந்தது. கம்பு நுனியிலிருந்து இரை வரை தண்ணீருக்குள் சாய்வாகப் போகும் தூண்டில் நரம்பில் அதன் வயிறு உரசினால் போதும், ஊரைக் காலி செய்துவிடும். இதற்கு வைத்தியம், கரைக்குப் பக்கத்தில் நரம்பில் ஒரு சின்ன ஈயக் குண்டை மாட்டி நழுவ விடுவது. அது நரம்பை அமுக்கி ஏரித் தரையோடு படுக்க வைத்துவிடும். மேலே நீந்தும் மீனுக்குக் கீழே நடக்கும் சதி தெரியாது.

சின்ன ஈயம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் தூண்டில் சாமான் கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கினார். பவரைக் கூட்டிப் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியுமா என்று கேட்கும் வாடிக்கையாளர்களைப் பார்த்துத் தினமும் சிரிப்பவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மக்காச்சோளத்தைக் கோத்து வீசி, நரம்பைத் தளர்த்தி, ஈயத்தை நழுவ விட்டார். நரம்பு தண்ணீருக்குள் போய் மறைந்தது. அத்தான் எட்டிப் பார்த்து, மீனுக்கு மட்டுமில்லை, உனக்கும்தான் ஒன்றும் தெரியப்போவதில்லை என்றார். பொறாமை என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மீன் இழுத்தால் கத்துவதற்குத்தான் கம்பில் அலாரம் இருக்கிறதே.

அலாரம் கத்தவில்லை. வெயில் ஏறியது, இறங்கியது. அக்கா இரண்டு தரம் தூங்கி எழுந்தாள். அத்தானுக்கும் ஒன்றும் மாட்டவில்லை என்பது ஒன்றே ஆறுதல். கடைசியில் கிளம்பலாம் என்று கடைக்காரர் ரீலைச் சுற்றினார். நரம்பு கல் மாதிரி கனத்தது.

"பாசியில சிக்கிடுச்சு," என்றார் எரிச்சலாக.

"நீ இழுத்தா அறுத்துடுவே மாப்ளே. இப்படிக் கொடு."

கொடுத்தார். கொடுத்துவிட்டு நாற்காலியை மடிக்கப் போனார். முதுகுக்குப் பின்னால் ரீல் கிறீச்சிட்டது. பாசி ஏரியின் நடுவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கெண்டை எப்போதோ இரையை விழுங்கிவிட்டுச் சும்மா கிடந்திருக்கிறது. அது அசைந்த அசைவையெல்லாம் அந்தக் கனத்த ஈயம் அமுக்கி, அலாரம்வரை வரவிடாமல் தடுத்திருக்கிறது.

"அத்தான், கம்பைக் கொடுங்க."

"கை மாத்தினா போயிடும்டா. நீ வலையைப் பிடி."

கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று வலையைப் பிடித்தார். போன வருஷத்து மீனைவிடப் பெரியது. கம்பு யார் கையில் இருந்ததோ அவர் பேரைத்தான் சாதனைப் பலகையில் எழுதுவேன் என்று, எடை போட்ட ஏரிக் காவலர் சொல்லிவிட்டார். அத்தானின் பேருக்குக் கீழே அத்தானின் பேர்.

திரும்பும்போது காரில் அக்கா, "ஈயம் தம்பியோடதுதானே?" என்று ஒரு நியாயத்துக்காகக் கேட்டுவைத்தாள்.

"யாரு இல்லேன்னா? நரம்பைப் படுக்க வெச்சதாலதான் மீனே வந்துது. ஆனா ஈயம் ரொம்பக் கனம். அடுத்த தரம் சின்னதாப் போடு மாப்ளே, சொல்றதைக் கேளு."

கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். இத்தனை வருஷத்தில் அத்தான் சொன்ன ஆலோசனைகளில், சரியானது இது ஒன்றுதான்.