ஐந்து நிற நாடா

எங்கள் பெண்கள் பள்ளியில் இனி யாரும் தனித்து நிற்கக் கூடாது என்று தலைமையாசிரியை ஒருநாள் முடிவெடுத்தார். உடனே ஐந்து நிறங்களில் நாடா வாங்கப்பட்டது. குலுக்கலில் வந்த நிறத்தைக் கையில் கட்டிக்கொண்டு, வாரம் முழுக்க அந்த நிறத்துக்காரிகளோடுதான் மதியம் சாப்பிட வேண்டும். நாடா வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஓவிய ஆசிரியை, அதுவும் தற்காலிகம். கத்தரிக்கோல் என்றாலே இங்கே எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடும்.

இதில் முதலில் அடிபட்டவள் எட்டாம் வகுப்புப் புதுசு. பாதி வருடத்தில் வந்து சேர்ந்ததால் அந்தப் பட்டப்பெயர். திக்கித் திக்கித்தான் பேச வரும் என்பதால் பேசுவதையே விட்டிருந்தாள். நாடா வருவதற்கு முன்பே, மதியச் சாப்பாட்டுக்கு அவளை மாடிப்படிக்குக் கீழே இழுத்து உட்காரவைத்தவள் வகுப்பின் வாயாடி. ஊரையே பேசவிடாத அந்த வாயாடி, இவள் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

குலுக்கலில் புதுசுக்குப் பச்சை, வாயாடிக்குச் சிவப்பு. பச்சை மேசையில் எல்லோரும் கலகலவென்று பேச, புதுசு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன்.

"ரெண்டு பேர் மட்டும் ஒட்டிக்கிட்டே இருந்தா மத்தவங்க ஒதுங்கிடுவாங்க டீச்சர்."

"ஒதுங்கி இருந்தவளுக்கு இப்பத்தான் ஒருத்தி கிடைச்சா மேடம்."

"அதுக்குத்தான் ஒரு மேசை நிறைய ஆள் குடுத்திருக்கோமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை தற்காலிகம் என்பதால் கோபத்தையும் தற்காலிகமாக ஒத்திவைத்தேன்.

எங்கள் ஆசிரியர் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பெரிய மேசை நிரந்தர ஆசிரியைகளுக்கு. தற்காலிகங்களுக்கு அலமாரி ஓரம். தலைமையாசிரியை தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. துப்புரவு அக்கா எங்கே சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

திட்டத்தைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கூடத்தில் மாணவிகளைக் கேள்வி கேட்கச் சொன்னார். புதுசு எழுந்தாள். எதிர் வரிசையில் வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"டீ... டீச்சருங்களுக்கு... நாடா இல்லையா?"

அவள் வாய் திறந்ததே திட்டத்தின் வெற்றி என்று தலைமையாசிரியை கைதட்டிவிட்டார். என்ன கேட்டாள் என்பது அவருக்கு உறைப்பதற்குள் வந்தவர் முந்திக்கொண்டார்.

"நல்ல யோசனை. இன்னைக்கே கட்டிடுங்க. நானும் பாத்துட்டுப் போறேன்."

அன்றே குலுக்கல், பள்ளியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும். தலைமையாசிரியை, துப்புரவு அக்கா, நான் மூவரும் மஞ்சள். வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் நீலத்தில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டார்கள். தலைமையாசிரியை ஒவ்வொரு வாயையும் மாத்திரை போல விழுங்கினார். அக்கா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

"மேடம், உங்க ரூம்ல காத்து நல்லா வருமே. நாளைக்கு எல்லாரும் அங்கயே உக்காந்துக்கலாமா?"

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. நாடாத் திட்டம் தன் நோக்கத்தை முழுமையாக அடைந்துவிட்டதால் நிறைவு பெறுகிறதாம்.

மதியம் மாடிப்படிக்குக் கீழே இரண்டு டப்பாக்கள் திறந்திருந்தன. ஆசிரியர் அறையில் என் நாற்காலி மறுபடி அலமாரி ஓரம் போயிருந்தது. அதில் உட்காரப் பிடிக்காமல் டப்பாவோடு படிக்கட்டுக்கு நடந்தேன். வாயாடி நகர்ந்து இடம் விட்டாள். புதுசு ஏதோ கேட்க வாயெடுத்தாள். நானும் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"உங்... உங்களையும்..."

அந்த வழியாக வந்த தலைமையாசிரியை சட்டென்று ஃபோனை நீட்டி எங்களைப் படம் எடுத்தார்.

"பாத்தீங்களா டீச்சர், எல்லாம் நாடா செஞ்ச வேலை" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதுசு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"...அ... அங்க சேத்துக்கலையா டீச்சர்?"