பாதியில் வெட்டிய பேச்சு

என் பேச்சைப் படத்திலிருந்து வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்று கேமராக்காரி போனில் அழாத குறையாகச் சொன்னபோது, எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அடப்பாவிங்களா!" என்று அவளுக்காக ஒரு சத்தம் போட்டேன். போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எங்கள் தையல் ஃபாக்டரியில் மெஷினில் உட்காருவது முழுக்கப் பெண்கள். சூப்பர்வைசர் ஆவது மட்டும் ஆம்பளைகள். இது என்ன நியாயம் என்று நாங்கள் வாசலில் உட்கார்ந்து போராடினோம். அதைத்தான் அந்தப் பெண் படமாக எடுத்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேமரா முன்னால் கொட்டிவிட்டேன்: "இங்க மேனேஜர்கிட்ட தொண்டை கிழியக் கத்துறேன். வீட்டுல என் வீட்டுக்காரர் ஒரு பேச்சை முழுசா பேச விடமாட்டார். நான் ஆரம்பிப்பேன், அவர் முடிச்சு வெச்சுடுவார். கல்யாணமான நாள்லேருந்து இதே கதைதான்."

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். அந்தக் காரில் சொல்லித்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அதே நினைப்பு. நல்ல மனுஷன்தான், கை நீட்டியதில்லை. ஆனால் நான் "இன்னிக்கு ஃபாக்டரியில..." என்பதற்குள் "தலைவலியா? மாத்திரை போடு" என்று பிரேக் அடித்துவிடுவார். அவரைப் போய் ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே என்று அதுவரை எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சென்சார்காரர்கள்தான் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள். 'குடும்ப அமைதியைக் கெடுக்கும்' என்றார்களாம்.

கேமராக்காரி விடவில்லை. மேல்முறையீடு செய்தாள். "நீங்களே நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா" என்று கெஞ்சினாள். போனேன். வெட்டினது வெட்டினதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நீள மேசைக்குப் பின்னால் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர்.

"ஐயா, அந்த இடத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"புரியுதும்மா" என்று தலைவர் கையைக் காட்டினார். "அந்த இடம் வேண்டாம்னு சொல்ல வர்றீங்க, அதானே? ஏதோ கோபத்துல பேசிட்டீங்க. குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். எழுதிக்கோங்கப்பா."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுர்ரென்று ஏறியது.

"நிறுத்துங்க ஐயா. நான் சொல்ல வர்றதை நான்தான் சொல்லணும். அந்த இடம் இருக்கணும். ஒரு எழுத்துகூட வெட்டக்கூடாது."

பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். குழுவிலிருந்த ஒரு அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "படத்துல அவங்க சொன்னது உண்மைதான்னு இப்ப நாமளே காட்டிட்டோம் சார்" என்றார். தலைவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். என் பேச்சு தப்பித்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

படம் வெளியான அன்று, "உன் படம், நான் வராம எப்படி?" என்று என் வீட்டுக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். விதி யாரை விட்டது!

ஹால் முழுக்க எங்கள் ஃபாக்டரி ஆட்கள். திரையில் என் முகம் வந்தது. "நான் ஆரம்பிப்பேன், அவர் முடிச்சு வெச்சுடுவார்" என்றதும் ஹாலே கொல்லென்று சிரித்தது. போராட்டத்துக்குப் பிறகு எங்களில் முதல் சூப்பர்வைசர் ஆனவள், குரலுக்காகவே நாங்கள் 'சைரன்' என்று கூப்பிடும் அக்கா, திரும்பி அவரைப் பார்த்தே சிரித்தாள். அவர் வாயைத் திறந்தார். திரையோடு யார் மல்லுக்கட்டுவது? மூடிக்கொண்டார். அங்கே நான் கடைசி வார்த்தைவரை பேசி முடித்தேன்.

படம் முடிந்து காரில் திரும்பினோம். டிரைவிங் ஸ்கூல் கார்தான். அந்த இன்னொரு பிரேக் இப்போது என் காலடியில். சிவப்பு விளக்கில் நின்றோம். வீட்டுக்குப் போய் வெடிப்பதற்கு இங்கேயே வெடிக்கட்டும் என்று நானே ஆரம்பித்தேன்.

"நான் அன்னிக்கு அப்படிப் பேசினது..."

"கோபத்து..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"சொல்லு" என்றார். "அப்புறம்?"

இத்தனை வருஷமாக என் பேச்சின் மறுபாதியை அவர்தான் சொல்லிவந்தார். இப்போது விட்டுக்கொடுத்தால், அது என்னவென்று எனக்கே தெரியவில்லை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர்.

"முதல்ல வண்டியை எடுங்க. அடிக்க வரப்போறாங்க. சொல்றேன்."

எடுத்தார். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அவர் இறங்கவில்லை.