சம்மந்திக்கு ஒரு ட்ரவுட்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். தூத்துக்குடி சுவக்கீனுக்கு மட்டும் தெரியாது. "மலக் குளிரு பச்சப்பிள்ளைக்கு ஆவாது. மருமவ எங்க வீட்டுலயே பெறட்டும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அந்த மருமகள் டின்டு, இன்னாசிராஜுக்கு ஒரே மகள். பேரப்பிள்ளை தன் வீட்டில்தான் முதல் அழுகை அழவேண்டும் என்று மனிதர் கிடந்து தவித்தார். இப்போது மாமனாரும் மருமகளும் அவருடைய மலையூரான மாட்டுப்பட்டிக்கு விருந்தாட வந்திருந்தார்கள். நாளைக்குக் காலையில் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் அவர் மனதைக் கரைக்க வேண்டும். கடலிலேயே கிடந்து வளர்ந்த மனிதரை எதைக் காட்டிக் கரைப்பது?

சுற்றுலாக்காரர்களை ட்ரவுட் மீன் பிடிக்க அழைத்துப் போகும் பினுவைப் பிடித்தார் இன்னாசி. "மீனு எப்படியாச்சும் சம்மந்தி தூண்டில்லதான் விழணும். எனக்குப் பேருக்கு ஒரு கம்பு குடு, போதும்."

ஓடைக்கரையில் பினு பெட்டியைத் திறந்து, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய கொசு அளவு பொய்ப்பூச்சியை எடுத்தான். சுவக்கீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ, இத எங்கூரு மீனு பாத்தா காறித் துப்பும்லா!"

கம்பைப் பின்னால் வீசி, நூல் நீளும்வரை பொறுத்து, பிறகு பதமாக முன்னால் விடவேண்டும் என்றான் பினு. பொறுமைக்கும் சுவக்கீனுக்கும் ஏழாம் பொருத்தம். முதல் வீச்சு மரக்கிளையில் மாட்டியது. அடுத்தது இன்னாசியின் குரங்குக் குல்லாவைக் கொத்தித் தூக்கி ஓடையில் போட்டது.

பாறையில் உட்கார்ந்திருந்த டின்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, எங்கப்பாவ விட்டுட்டு மீனப் பிடிங்க!"

சுவக்கீன் முகம் கறுத்தது. காரியம் கெட்டது என்று நினைத்தபடி இன்னாசி தன் நூலைச் சும்மா தண்ணீரில் விட்டார்.

அந்த நேரம் பார்த்தா அவர் கையில் இருந்த கம்பு வளைய வேண்டும்! ஏதோ ஒன்று வெடுக்கென்று இழுத்தது. விருந்தாளி வெறுங்கையோடு நிற்கும்போது வீட்டுக்காரன் மீன் பிடித்தால் உருப்படுமா?

"போ சனியனே, போயிரு" என்று முணுமுணுத்தபடி கம்பைத் தாழ்த்தினார். அது போனால்தானே!

சுவக்கீன் பார்த்துவிட்டார். தன் கம்பை வீசி எறிந்துவிட்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்.

"ஏ சம்மந்தி, கம்ப நிமுத்தும்வே! நூல விடும்! இப்பம் சுத்தும்!"

"நீங்களே பிடிங்க சம்மந்தி!"

"ஒம்ம மீனுவே! விட்டீரு, ஒம்மத் தண்ணிக்குள்ள முக்கிருவேன்!"

"சேட்டா, பதுக்கே, பதுக்கே!" என்று பினு கத்தினான். யார் மெதுவாகப் போனார்கள்? இரண்டு பெரிய மனிதர்களும் வழுக்கி விழுந்து, ஒருவரை ஒருவர் பிடித்து எழுந்து, ஒருவழியாக மீனைப் பினுவின் வலைக்குள் சேர்த்தார்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளி, நடுவில் ரோஜா நிறப் பட்டை.

சுவக்கீன் அதன் அடிவயிற்றை விரலால் தடவினார். "ஏ, இது சினை மீனுல்லா!"

"விட்டுரணும் சேட்டா. மேல ஏறிப் போயி முட்டையிடும். தண்ணி இப்படி ஐஸா இருந்தாத்தான் குஞ்சு பொரியும். சூடு பட்டா முட்டை கெட்டுப்போகும்" என்றான் பினு.

சுவக்கீன் மீனைப் பார்த்தார். பாறைமேல் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். பிறகு இன்னாசியை முறைத்தார்.

"குளிருதான் நல்லதுன்னு இவனுக்குச் சொல்லிக் குடுத்தது நீருதான?"

"அந்தோணியார் சத்தியமா இல்ல சம்மந்தி! மீனு ஒங்க தூண்டில்ல விழணும்னு மட்டுந்தான் சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சுவக்கீன் ஒரு கணம் விழித்தார். பிறகு ஓடையே அதிரும்படி சிரித்தார்.

மீனை அவரே வாங்கி, நீரோட்டத்துக்கு எதிராகத் தண்ணீருக்குள் பிடித்தார். "போ தாயீ" என்றார். அது வாலை ஆட்டிக்கொண்டு கையை விட்டுப் போனது.

"டின்டு, நாளைக்கு நான் மட்டும் பஸ் ஏறுதேன். ஒந் துணிமணிய அத்தைகிட்டக் குடுத்து அனுப்புதேன். நீ இங்கனயே பெத்து எந்திரி."

இன்னாசி முழங்கால் தண்ணீரில் நின்றபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

சுவக்கீன் அவர் தோளில் கைபோட்டார். "அழாதயும்வே. பிள்ளையப் பாக்க வாரப்ப, மீனு என் தூண்டில்ல தானா விழும். நீரு யாருகிட்டயும் சொல்லி வைக்காண்டாம்."